வேளச்சேரியை விட்டுப் புக்கெட்டில் குடியேறலாமா?

வேளச்சேரி வாசி | 9 மார்ச் 2025, இரவு 10:42

வணக்கம். மூன்று ஆண்டுகளாக இந்தக் களத்தைப் படித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தரைத்தள வீட்டில் இடுப்பளவு தண்ணீர். நான்கு நாள் மின்சாரம் இல்லை. அம்மாவுக்கு 67 வயது, சர்க்கரை நோய் உண்டு. மாடி வீட்டுக்காரர்கள் அவரைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். முன்பே டிக்கெட் எடுத்திருந்ததால் அடுத்த மாதம் பொங்கல் விடுமுறையில் தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குப் போனோம். அம்மா வரவில்லை. நாங்கள் மூன்று பேரும் ராவாய் பக்கம் ஆறு நாள் தங்கினோம். வானத்தில் ஒரு மேகம் இல்லை. மகள் கடலை விட்டு வெளியே வரவே மறுத்தாள். நய்ஹான் கடற்கரையில் மணலைக் கையில் அளைந்துகொண்டே என் மனைவி, "இங்கேயே இருந்துவிட்டால் என்ன?" என்று கேட்டாள்.

போன அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் எல்லோரையும் போல நானும் காரைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் நிறுத்திவிட்டு மழையில் நடந்து வீடு திரும்பினேன். அந்த நடையில்தான் மனம் ஒரு முடிவுக்கு வந்தது.

எனக்கு மென்பொருள் சோதனை வேலை, முழுக்க வீட்டிலிருந்தே. மகளுக்கு எட்டு வயது. வீட்டை விற்றால் கடன் போக 45 லட்சம் கையில் நிற்கும். அங்கே இருந்தவர்கள், இருப்பவர்கள் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். போகலாமா?

தீவுப்பயணி | 9 மார்ச் 2025, இரவு 11:30

தயங்காமல் வாருங்கள் நண்பரே. நான் அம்பத்தூர்க்காரன். சில மாதங்களாகப் புக்கெட்டின் நடுவில் கத்து என்ற பகுதியில் இருக்கிறேன். 2024 ஜூலையில் தாய்லாந்து கொண்டுவந்த டி.டி.வி. விசா உங்களைப் போல வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தொலைவிலிருந்து வேலை செய்பவர்களுக்கானது. ஐந்தாண்டு செல்லும். ஒரு முறை உள்ளே வந்தால் 180 நாள் தங்கலாம். 5 லட்சம் பாத் இருப்புக் காட்ட வேண்டும், நம் கணக்கில் ஏறக்குறைய 13 லட்சம் ரூபாய். தாய்லாந்துக்கு வெளியே இருக்கும் உங்கள் நிறுவனத்தின் பணிக்கடிதம் வேண்டும். மனைவியும் மகளும் உங்களைச் சார்ந்தவர்களாக விண்ணப்பிக்கலாம். இந்த ஜனவரி முதல் எல்லாமே இணைய வழி விண்ணப்பம்தான்.

ஒரு படுக்கையறை வீட்டுக்கு 14,000 பாத் வாடகை கொடுக்கிறேன். முன்பணம் இரண்டே மாதம். பத்து மாத முன்பணம் கேட்ட வீட்டுக்காரர்களைச் சென்னையில் பார்த்தவன் நான். இந்திய நேரத்தை விட ஒன்றரை மணி முன்னே இருப்பதால் உங்கள் அலுவலகம் பத்து மணிக்குத் தொடங்கும்போது இங்கே பதினொன்றரை. காலைப்பொழுது முழுவதும் உங்களுடையது. தினமும் நீந்திவிட்டுத்தான் வேலைக்கு உட்காருகிறேன்.

நெய்தல்மகள் | 10 மார்ச் 2025, காலை 6:15

வேளச்சேரித் தம்பிக்கு. தீவுப்பயணி சொன்னதில் எதுவும் பொய் இல்லை. நாங்கள் 2017 முதல் 2023 வரை அங்கே இருந்தோம், இப்போது ஆதம்பாக்கம். ஆறு மழைக்காலம் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

நீங்கள் போனது தை மாதம். அது அந்தத் தீவின் மணமேடைக் கோலம். நமக்கு வடகிழக்குப் பருவமழை, ஐப்பசி கார்த்திகையில். அவர்களுக்குத் தென்மேற்கு, மே நடுவில் தொடங்கி அக்டோபர் வரை கொட்டும். நாம் இங்கே வாளியில் தண்ணீர் இறைக்கும்போது அங்கே வானம் வெளுக்கத் தொடங்கியிருக்கும். அதனால்தான் நம்மவர்கள் எல்லோருக்கும் அது மழையே இல்லாத ஊராகத் தெரிகிறது. மே வந்ததும் மேற்குக் கரை முழுக்கச் சிவப்புக் கொடி நடுவார்கள். பாத்தோங், கரோன், காத்தா, உங்கள் மனைவி உட்கார்ந்த நய்ஹான், எதுவும் விலக்கில்லை. கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் மெரினாவில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொடியைப் பார்த்தும் இறங்கி உயிரை விடுகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. சிமிலன் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை மூடியே விடுவார்கள்.

வெள்ளத்துக்குப் பயந்துதான் போகிறீர்கள் என்றால் இதையும் கணக்கில் சேருங்கள். புக்கெட் மலைத்தீவு. 2022 அக்டோபரில் மழையில் பாத்தோங் மலைச்சாலை அப்படியே சரிந்து போக்குவரத்து நின்றது. போன ஆகஸ்ட்டில் கரோன் பக்கம் நிலச்சரிவில் 13 பேர் இறந்தார்கள். கமலா கடற்கரையில் நாங்கள் முதலில் இருந்த வீட்டின் வாசலுக்கு எதிரே ஒரு நீலப் பலகை: அலையிலிருந்து மேட்டை நோக்கி ஓடும் மனித உருவம், அம்புக்குறி. 2004 டிசம்பர் 26 அன்று நம் மெரினாவுக்கு வந்த அதே சுனாமி அங்கேயும் ஊருக்குள் புகுந்தது. நான் பட்டினப்பாக்கத்தில் பிறந்தவள். காலையில் கோலம் போடக் குனியும்போதெல்லாம் அந்தப் பலகை கண்ணில் படும். மூன்று மாதத்தில் வீடு மாற்றினோம்.

இனிப் பிழைப்பு. என் கணவருக்கு ஒரு விடுதியில் குளிர்சாதனப் பராமரிப்பு வேலை, பணி அனுமதியோடு. நான் அவரைச் சார்ந்த விசாவில் இருந்ததால் சம்பளத்துக்கு எந்த வேலையும் பார்க்க முடியாது. இங்கே பள்ளியில் பாடம் எடுத்தவள் ஆறு ஆண்டு வீட்டிலேயே இருந்தேன். உங்கள் மனைவி வேலை பார்ப்பவர் என்றால் இதை முதலில் பேசுங்கள்.

2020 மார்ச்சில் விமானம் நின்றது. சுற்றுலாவைத் தவிர வேறு சம்பாத்தியம் இல்லாத ஊர் என்றால் என்ன என்று அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. பாத்தோங்கில் கடை கடையாக இரும்புக் கதவு இறங்கியது. விடுதி முதலில் பாதிச் சம்பளம் கொடுத்தது, பிறகு சம்பளமில்லா விடுப்பு. அந்த மே மாதம் தாய்லாந்து முழுக்கத் தெருவோரத்தில் சின்ன அலமாரிகள் வைத்தார்கள். இருப்பவர் வைக்கலாம், இல்லாதவர் எடுக்கலாம். எங்கள் தெருமுனையிலும் ஒன்று இருந்தது. முதல் வாரம் நான் அதில் அரிசிப் பொட்டலம் வைத்தேன். ஆறாவது வாரம் அதிலிருந்து ஒரு முட்டை அட்டையும் நூடுல்ஸும் எடுத்தேன். எதிர்வீட்டுத் தாய்லாந்துப் பெண்மணி பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. மாலையில் ஒரு சீப்பு வாழைப்பழம் எங்கள் வாசல் கம்பியில் தொங்கியது. அந்த மக்களைப் பற்றி ஒரு குறை சொல்ல எனக்கு நா எழாது.

வேலை போனால் அந்த வேலையை நம்பி நிற்கும் விசாவும் போகும். அந்தப் பயம் ஒன்றரை ஆண்டு எங்களோடு படுத்து எழுந்தது. 2021 ஜூலை 1 அன்று தடுப்பூசி போட்ட வெளிநாட்டவருக்காகத் தீவைத் திறந்தார்கள், எங்களுக்கு மூச்சு வந்தது. ஆனால் அதற்குள் சேமிப்பு கரைந்துவிட்டது.

சட்டுவம் | 10 மார்ச் 2025, பிற்பகல் 3:20

நான் சமையல்காரன். சொந்த ஊர் ராமநாதபுரம், இப்போது போரூரில் மெஸ் வைத்திருக்கிறேன். அக்கா எழுதியதைப் படித்ததும் என் கதையையும் எழுதத் தோன்றியது. ஐயா கேட்டதற்கு நேரான பதில் இல்லை. ஆனால் இதைப் படிக்கும் பிள்ளைகள் யாராவது தப்பிக்கட்டும்.

2018இல் ஒரு முகவருக்கு ஒன்றரை லட்சம் கொடுத்தேன். சுற்றுலா விசாவில் போ, போனதும் பணி அனுமதி எடுத்துத் தருவார்கள் என்றார். பாத்தோங்கில் ஓர் இந்திய உணவகத்தின் அடுப்படி. பேசியது மாதம் 22,000 பாத். டிசம்பர், ஜனவரி இரண்டு மாதம் தந்தார்கள். தந்தூர் அடுப்பு இரவு இரண்டு மணிக்குத்தான் அணையும். மே மாதம் மழை வந்ததும் வாடிக்கையாளர் குறைந்தார்கள், சம்பளம் 12,000 ஆனது. பிறகு சாப்பாடும் படுக்க இடமும் மட்டும். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டார். அனுமதிச் சீட்டு வரவே இல்லை.

ஒருநாள் சோதனைக்கு ஆள் வந்தார்கள். என்னையும் நேபாளத் தம்பி ஒருவனையும் பின்பக்கம் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார வைத்துத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். முக்கால் மணி நேரம். அவன் கை என் கையைப் பிடித்தபடியே இருந்தது. யாரையும் அடிக்கவில்லை, எதையும் திருடவில்லை. வெங்காயம் நறுக்கினதற்காக ஒளிந்திருந்தேன். அடுத்த மாதமே கெஞ்சிப் பாஸ்போர்ட்டை வாங்கி ஊருக்கு வந்துவிட்டேன். விசா முடிந்து தங்கிய ஒவ்வொரு நாளுக்கும் 500 பாத் அபராதம் விமான நிலையத்தில் கட்டினேன்.

அனுமதி இல்லாமல் வேலை செய்து பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாத் வரை அபராதம், பிறகு நாடு கடத்தல். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை தேவை என்ற குறிப்பு இருக்கும். அவர்கள் வேலைக்குப் போனால் நம் அரசின் அனுமதி வாங்க வேண்டிய 18 நாடுகளில் தாய்லாந்தும் ஒன்று. "சுற்றுலாப் பயணி என்று சொல்" என்று முகவர் சொல்வது இந்தப் பாதுகாப்பைத் தாண்ட வைக்கத்தான். 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன நம் பையன்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிக்குக் கொண்டுபோய் இணைய மோசடி வேலையில் அடைத்து வைத்தார்கள். வேலை என்று யார் கூப்பிட்டாலும் முதலில் அயலகத் தமிழர் நலத்துறையிடம் கேளுங்கள்.

நிர்வாகி | 10 மார்ச் 2025, மாலை 5:05

உறுப்பினர்கள் கவனத்துக்கு: முகவர்களின் பெயர், தொலைபேசி எண் எதையும் இங்கே கேட்கவோ பதியவோ வேண்டாம். அப்படி வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

தீவுப்பயணி | 10 மார்ச் 2025, இரவு 9:48

சட்டுவம் அண்ணன் எழுதியதைப் படித்து மனம் கனத்துவிட்டது. ஆனால் நெய்தல்மகள் அக்காவின் வாதத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. கொரோனா சென்னையையும்தான் முடக்கியது. அவர்களுடைய விசா உள்ளூர் விடுதியை நம்பி இருந்தது, என்னுடையது அப்படி இல்லை. தீவில் ஒரு சுற்றுலாப் பயணிகூட வராவிட்டாலும் என் சம்பளம் வரும். மழையும் அப்படித்தான். ஆண்டு முழுக்கக் கடலில் இறங்கலாம் என்று யாராவது எங்களுக்கு வாக்குக் கொடுத்தார்களா? கிழக்குக் கரை அமைதியாக இருக்கும், வாடகை குறையும், சாலை காலியாகும். இங்கே இருப்பவர்களில் பலருக்குப் பிடித்ததே அந்த மாதங்கள்தான்.

நெய்தல்மகள் | 11 மார்ச் 2025, காலை 6:02

சரியான மறுப்பு தம்பி, ஏற்கிறேன். உங்கள் நிலை எங்களுடையதை விட உறுதியானது. ஆனால் உங்கள் விசா அங்கே தங்க மட்டுமே அனுமதி. நாளை உங்கள் நிறுவனம் வீட்டிலிருந்து வேலை முடிந்தது, அலுவலகம் வா என்றால்? அங்கேயே வேறு வேலை தேட அந்த விசா இடம் கொடுக்காது. சுற்றுலா வழிகாட்டி, முடிதிருத்தம், தாய் மசாஜ் என்று வெளிநாட்டவர் தொடவே கூடாத தொழில்களின் பட்டியலும் இருக்கிறது. ஒரு வெளிநாட்டவருக்குப் பணி அனுமதி வாங்க வேண்டுமென்றால் நிறுவனத்தில் பொதுவாக நான்கு தாய்லாந்து ஊழியர்களும் 20 லட்சம் பாத் முதலீடும் இருக்க வேண்டும். உங்களுக்குத் திருமணம் ஆகவில்லை என்று நினைக்கிறேன். தனியாள் ஒரு பெட்டியோடு கிளம்பிவிடலாம். வேளச்சேரித் தம்பிக்குப் பின்னால் மூன்று பேர் இருக்கிறார்கள்.

அங்கே நம்மைக் குறிக்க ஒரு சொல் உண்டு: "கேக்". இந்தியர்களையும் மேற்காசியர்களையும் அப்படித்தான் சொல்வார்கள். அதன் நேர்ப்பொருள் விருந்தாளி. சந்தையில் முதல் முறை காதில் விழுந்தபோது எனக்குக் கோபம் வந்தது. பொருள் தெரிந்ததும் அழுகை வந்தது. ஆறு ஆண்டுக்குப் பிறகும் நான் விருந்தாளிதான்.

மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆங்கிலம் கடற்கரையோடு சரி, மருந்துக்கடையிலும் மின்சார அலுவலகத்திலும் தாய்லாந்து மொழிதான். ஐந்து தொனி. "க்லாய்" என்பதை ஒரு தொனியில் சொன்னால் அருகில், இன்னொரு தொனியில் சொன்னால் தூரம். ஆட்டோ மாதிரியான துக்துக் ஓட்டுநரிடம் அருகில் என்பதற்குத் தூரம் என்று நான் சொல்லப்போய், அவர் கேட்ட 400 பாத்தை மறு பேச்சில்லாமல் கொடுத்தேன்.

ஓய்வுபெற்ற கணக்காளன் | 11 மார்ச் 2025, காலை 11:15

பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. 45 லட்சத்தைக் கொண்டுபோய் அங்கே வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் நிறுத்துங்கள். தாய்லாந்தில் வெளிநாட்டவர் நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடியில் வீடு வாங்கலாம், அதுவும் கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 விழுக்காடு வரைதான் வெளிநாட்டவர் கையில் இருக்கலாம். தனி வீடு என்றால் 30 ஆண்டுக் குத்தகை. தாய்லாந்துக்காரர் ஒருவர் பெயரில் வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அந்த ஆளை விட்டு விலகுங்கள், அது சட்ட விரோதம்.

இங்கிருந்து பணம் அனுப்ப ஒருவருக்கு நிதியாண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரம்பு. வருகிற ஏப்ரல் 1 முதல் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு 20 விழுக்காடு வரியை வங்கி முன்கூட்டியே பிடிக்கும். இதுவரை அந்த வரம்பு 7 லட்சம். கணக்குத் தாக்கலில் சரிசெய்துகொள்ளலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். ஒரு காலண்டர் ஆண்டில் 180 நாள் அங்கே இருந்தால் அங்கே வரி செலுத்தும் குடியிருப்பாளர் ஆவீர்கள். 2024 முதல் ஈட்டும் வெளிநாட்டு வருமானத்தைத் தாய்லாந்துக்குள் கொண்டுவந்தால் அதற்கு வரி உண்டு.

வீட்டை விற்றே தீர வேண்டுமென்றால் இங்கே குடியிருப்பவராக இருக்கும்போதே விற்றுவிடுங்கள். வெளிநாடுவாழ் இந்தியர் ஆன பிறகு விற்றால் வாங்குபவர் பிடிக்க வேண்டிய வரி பல மடங்கு. என் சொந்தக் கருத்தைக் கேட்டால் விற்கவே விற்காதீர்கள். வாடகைக்கு விட்டுவிட்டுப் போங்கள்.

மயிலைப் பாட்டி | 11 மார்ச் 2025, மாலை 4:40

கண்ணா, எல்லாரும் விசா, வரி என்று எழுதுகிறார்கள். உன் அம்மாவிடம் கேட்டாயா? நீ எழுதிய முதல் பதிவை இரண்டு தடவை படித்தேன். வயது சொல்கிறாய், சர்க்கரை சொல்கிறாய், அவர் என்ன சொன்னார் என்று ஒரு வரி இல்லை. தீவுப்பயணி சொன்ன விசாவில் மனைவிக்கும் குழந்தைக்கும் இடம் உண்டு, பெற்றவளுக்கு இல்லை. 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனி விசா இருக்கிறதாம். 8 லட்சம் பாத் அங்கத்திய வங்கியில் போட வேண்டுமாம், என் பேரன் பார்த்துச் சொன்னான். கிட்டத்தட்ட 20 லட்சம் ரூபாய். போட முடியுமா?

வெள்ளம் வந்தபோது உன் அம்மாவை மாடிக்குத் தூக்கிப் போனது யார்? பக்கத்து வீட்டார். அங்கே யார்?

என் மகள் பிள்ளைகளோடு வெளிநாட்டில் இருக்கிறாள். நான் போய் ஆறு மாதம் இருந்தேன். சமையலறைச் சன்னலில் நின்று தெருவைப் பார்ப்பேன். ஒருவரும் நடக்க மாட்டார்கள். காய்கறி வண்டிக்காரன் குரலுக்காகக் காது ஏங்கியது. போகாதே என்று நான் சொல்லவில்லை. கேட்காமல் போகாதே.

கல்வெட்டுப்பித்தன் | 11 மார்ச் 2025, இரவு 8:30

கடல் தாண்டிப் போவது நமக்குப் புதிதல்ல என்பதற்காக ஒரு சிறு செய்தி. புக்கெட்டுக்கு வடக்கே, நிலப்பகுதியில் தக்குவா பா என்ற ஊரில் ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அவனிநாரணம் என்ற குளத்தை வெட்டி, அதை மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் காவலில் விட்ட செய்தி அதில் இருக்கிறது. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்மப் பல்லவனின் விருதுப்பெயர். வணிகம் செய்யப் போன இடத்தில் முதலில் ஒரு நீர்நிலையை வெட்டியிருக்கிறார்கள்! பாங்காக் சீலோம் சாலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம்மவர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. போனால் இரண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

வேளச்சேரி வாசி | 12 மார்ச் 2025, இரவு 11:10

பாட்டி, நீங்கள் கேட்டது உண்மை. அம்மாவிடம் நான் கேட்கவில்லை, சொல்லத்தான் செய்தேன். நேற்று உட்கார்ந்து கேட்டேன். "நான் அந்த ஊரைப் பார்த்ததே இல்லையே, எப்படிச் சொல்ல?" என்றார்.

மகளின் பள்ளிக்கும் விசாரித்தேன். பிரிட்டிஷ் பாடத்திட்டம் உள்ள இரண்டு பன்னாட்டுப் பள்ளிகள் சொன்ன ஆண்டுக் கட்டணம் 4 லட்சம் பாத்துக்கு மேல். என் கணக்கு அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

நெய்தல்மகள் | 13 மார்ச் 2025, காலை 6:20

அம்மா கேட்டதுதான் சரி. அவரையும் அழைத்துக்கொண்டு மே விடுமுறையில் போங்கள். டிசம்பரில் வேண்டாம், மழை தொடங்கும்போது போங்கள். விடுதியில் தங்காமல் மாத வாடகைக்கு ஒரு வீடு எடுங்கள். நான்கு வாரம் சுற்றிப் பார்க்காமல் சும்மா குடியிருங்கள். மின்கட்டணத்தை முன்பே பேசிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 7 பாத் வாங்கினார். நேரடியாகக் கட்டியிருந்தால் அதில் ஏறக்குறைய பாதிதான்.

அம்மா சைவமா? எல்லாவற்றிலும் "நாம்ப்லா" என்ற மீன் சாறு ஊற்றுவார்கள். "மாய் சய் நாம்ப்லா", மீன் சாறு போட வேண்டாம் என்று பொருள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பில் "ஜே" என்று எழுதிய கடைகளில் முழுச் சைவம், வெங்காயம் பூண்டுகூட இருக்காது. சீன மாதக் கணக்கில் ஒன்பதாவது மாதம் ஒன்பது நாள் ஊரே அப்படிச் சாப்பிடும். நம் நவராத்திரிக்கு ஏறக்குறைய அதே சமயம். சாமி வந்து கன்னத்தில் வேல் குத்திக்கொண்டு ஊர்வலம் போவார்கள். முதல் முறை பார்த்தபோது வடபழனியில் பங்குனி உத்திரத்தில் நிற்பது போலச் சிலிர்த்தது எனக்கு.

மலைச்சாலையில் வாடகை ஸ்கூட்டர் மட்டும் வேண்டாம். பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் இல்லாமல் விழுந்தால் காப்பீடு கைவிரித்துவிடும். என் கணவரின் முழங்காலில் இன்னும் தகடு இருக்கிறது.

வேளச்சேரி வாசி | 6 ஜூலை 2025, மாலை 7:25

நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன். உதவிய எல்லோருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மே 3 முதல் 30 வரை நான்கு பேரும் இருந்தோம். விசா விலக்கில்தான் போனோம், அதனால் விடுப்பு எடுத்துக்கொண்டேன். மே 1 முதல் கட்டாயமான இணைய வருகை அட்டையை இங்கேயே நிரப்பினோம். சாலோங் பக்கம் ஒரு பாட்டியின் வீட்டுப் பின்கட்டு. முதல் பத்து நாள் வெயில். பிறகு மழை பிடித்தது. நய்ஹான் போனோம். நாங்கள் ஜனவரியில் பார்த்த பச்சைக் கண்ணாடிக் கடல் இல்லை. பழுப்பு அலை, சிவப்புக் கொடி, கவிழ்த்துப் போட்ட படகுகள். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, நம்ம கடல் எங்கே?" என்றாள். என் மனைவி வெகுநேரம் பேசவில்லை. அவருக்கு இன்னொன்றும் உறைத்திருந்தது. இங்கே ஆய்வகத்தில் பன்னிரண்டு ஆண்டாக வேலை பார்ப்பவர். மூன்றாவது வாரமே பகல் பொழுதை எப்படிக் கழிப்பது என்று தெரியாமல் தவித்தார்.

அம்மாதான் அங்கே நன்றாக இருந்தார். வீட்டுக்காரப் பாட்டியின் கொல்லையில் முருங்கை மரம். அம்மா அதைத் தொட்டு "முருங்கை" என்றார். அந்தப் பாட்டி தலையாட்டி "மரும்" என்றார். அவர்கள் மொழியில் அதற்கு அதுதான் பெயராம். இருவரும் நான்கைந்து முறை முருங்கை, மரும் என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு நின்றார்கள். அன்று மாலை முருங்கைக்காய் ரசம் ஒரு கிண்ணம் அந்தப் பக்கம் போனது. மறுநாள் முருங்கைக்காய் போட்ட புளிப்புக் குழம்பு ஒரு கிண்ணம் இந்தப் பக்கம் வந்தது. அதில் மீன் இருந்ததால் அம்மா சாப்பிடவில்லை. கிண்ணத்தைக் கழுவி, நான்கு அதிரசம் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த முறை வந்த கிண்ணத்தில் மீன் இல்லை.

கிளம்பும் வாரம், இரவு நல்ல மழை. தூக்கம் வராமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பழக்கத்தில் காரை எங்கே நிறுத்தினோம் என்று நினைத்துத் திடுக்கிட்டு எழுந்தேன். கார் அங்கே இல்லை, வேளச்சேரியில் இருக்கிறது என்று அப்புறம்தான் உறைத்தது. உள்ளேயிருந்து அம்மா கேட்டார்: "உனக்கு வேண்டியது ஒரு மாடி வீடுதானேடா?"

பரங்கிமலைப் பக்கம் மேட்டில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டோம். ஆவணி பிறந்ததும் பால் காய்ச்சுகிறோம். வேளச்சேரி வீட்டை விற்கவில்லை. மகள் அதே பள்ளியில் நான்காம் வகுப்பு. அந்தக் கடல் மேல் எனக்கும் மனைவிக்கும் இருக்கும் ஆசை போய்விட்டதாகச் சொன்னால் பொய். வருகிற ஜனவரியில் ஒரு வாரம் போவோம்.

தீவுப்பயணி | 6 ஜூலை 2025, இரவு 9:02

வாருங்கள். நான் இங்கேதான் இருக்கிறேன், கிழக்குக் கரையில் நீந்திக்கொண்டு. அம்மாவுக்கு என் வணக்கம்.

வேளச்சேரி வாசி | 7 ஜூலை 2025, காலை 8:15

ஒரு சிறு உதவி. வீட்டுக்காரப் பாட்டி ரசப்பொடி கேட்டிருக்கிறார். அம்மா அரைத்து டப்பாவில் அடைத்து வைத்துவிட்டு தினமும் கேட்கிறார். சாலோங்குக்கு எப்படி அனுப்புவது?

நெய்தல்மகள் | 7 ஜூலை 2025, காலை 8:40

என் கணவரின் பழைய நண்பர் இந்த மாதம் 19ஆம் தேதி போகிறார். ஆதம்பாக்கம் வந்து கொடுங்கள். பொட்டலத்தின் மேல் பாட்டி வீட்டு முகவரியைத் தாய்லாந்து எழுத்தில் நான் எழுதித் தருகிறேன்.